கயை பேசுது

நண்டுத்துறையிலிருந்து போன ‘கருணை மாதா’ என்ற விசைப்படகைக் கடல் எந்தக் காற்றில் வாங்கிக்கொண்டதோ, அதே காற்று ஊர்ப் பால்வாடியின் ஓடுகளையும் பிடுங்கிக்கொண்டு போனதால், பிள்ளைகளைக் கொண்டுபோய் மீனவர் சங்கக் கட்டடத்தில் உட்காரவைத்தார்கள். அந்தக் கட்டடத்தின் மூலையில் ஒரு மேசைமேல் ஊரின் வயர்லெஸ் செட் இருந்தது. அந்தச் செட்டுக்கு முன்னால்தான் படகில் போனவர்களின் பெண்டாட்டிமார் பழிகிடந்து, “கருணை மாதா, கருணை மாதா, கரை பேசுது, ஓவர்” என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டு, பதிலுக்கு எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெலிகாப்டர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அதிகாரிகள் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். பங்குச் சாமியார் இறந்தவர்களுக்கான பூசைக்கு நாள் குறித்தார்.

அந்த நாள் வருவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், பெண்கள் ஒருவாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு வரலாமென்று வீட்டுக்குப் போயிருந்த சமயம், பால்வாடி டீச்சர் கிளாடிஸ் அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருக்க, நாலு வயது நடந்துகொண்டிருந்த ரெஜினா நாற்காலியில் ஏறி மைக்கை எடுத்து, பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருந்தபடியே பித்தானை அமுக்கிக்கொண்டு, “கயுணை மாதா, கயுணை மாதா, கயை பேசுது, ஓவய்” என்றாள். செட்டின் இரைச்சல் நின்றது. “சொல்லு யெஜி, சாப்பிட்டியா? ஓவர்” என்று, மகளின் மழலையிலேயே அவள் பெயரைச் சொல்லும் அப்பா ரெமிஜியுஸின் குரல், போன படகிலிருந்து கேட்டது. “முட்டை வேவுது, ஓவய்” என்றாள் ரெஜினா. டீச்சர் அடுப்பை அணைத்தாள். வெந்த முட்டைகளை எண்ணித் தட்டில் எடுத்து வைத்தாள். அதன்பிறகு ரெஜினாவின் அம்மா பிரகாசியைக் கூப்பிட ஓடினாள்.

பிரகாசி வாயில் சோற்றோடு வந்தாள். மகள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, “என்னங்க, நான் பிரகாசி, எங்க இருக்கிய, கேக்குதா, என்னங்க” என்று கத்தினாள். அப்பளம்தான் பொரிந்தது. மைக்கை மகளிடம் கொடுத்ததும் குரல் வந்தது. திரும்ப வாங்கினாள், போனது. இப்படி வாங்குவதும் கொடுப்பதுமாய் வெயில் சாயும்வரை நின்றாள். கடைசியில், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “அம்மா உங்கள நெனச்சுட்டே இருக்கான்னு சொல்லு” என்று காதில் சொல்லிக்கொடுக்க, ரெஜினா அதைத் தன் நாக்குக்கு வசப்பட்ட விதத்தில் சொன்னாள். “உங்க அம்மைய மைக்கப் பிடிச்சுப் பேசச் சொல்லு மக்களே, ஓவர்” என்றார் அவர். பேசிக்கொண்டுதான் இருந்தாள் என்பதை அவரிடம் யார் சொல்வது?

ஊர் இந்தச் சங்கதியின் போக்கைப் பிடிப்பதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. நாக்கு அந்தப் படகில் ஆள் உள்ள வீட்டு நாக்காக இருக்க வேண்டும். ‘ர’ இன்னும் வராத நாக்காகவும் இருக்க வேண்டும். காக்காயைத் தாத்தா என்பவனும், சாமியைத் தாமி என்பவளும் மற்ற எழுத்தையெல்லாம் எப்படிக் கடித்துத் துப்பினாலும் குற்றமில்லை, ‘ர’ மட்டும் வரக்கூடாது. பள்ளிக்கூடம் போகிற அண்ணன்மார் கூப்பிட்டால் பதில் இல்லை. பெண்கள் வேண்டுமென்றே குழந்தை மாதிரி மிழற்றிப் பார்த்தார்கள். வராத நாக்குக்கும் வராததுபோல நடிக்கிற நாக்குக்கும் உள்ள வித்தியாசம் செட்டுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பூசை நிறுத்தப்பட்டது, கறுப்புச் சேலைகள் பெட்டிக்குள் போயின, பெண்கள் தாலிக்கொடிக்கு மஞ்சள் தேய்த்துக் குளித்தார்கள். தினமும் சாயங்காலக் கோயில்மணி அடித்ததும் அவரவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

ஆண்கள் இருந்த இடத்தைப் பற்றி அவர்களிடமிருந்து உருப்படியாக எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. சுற்றிலும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருக்கிறது என்றார்கள், பசி இல்லை என்றார்கள், சூரியன் எந்தப் பக்கம் என்று கேட்டால் அதெல்லாம் பார்க்கவில்லை என்றார்கள். மற்றபடி ஊர்க்கதை கேட்டார்கள். பெண்களும் பெட்டிச் சாவியை எங்கே வைத்தீர்கள், மூத்தவளைப் பெண் கேட்டு வருகிறார்களே கொடுக்கலாமா, வலையை உங்கள் தம்பி கேட்கிறாரே என்று பிள்ளைகள் வாயில் ஊட்டி அனுப்பினார்கள். சாவுக்கும் உயிருக்கும் நடுவில் அப்படி ஒரு குடும்பம் நடந்தது. படுக்கைப் பேச்சைக்கூட நாலு வயதுப் பிள்ளையின் வாய்வழியே பேச வேண்டியிருந்ததால், சொல்ல நினைத்ததில் பாதியைப் பெண்கள் விழுங்கிக்கொண்டார்கள்.

பிறகு பிள்ளைகள் வளரத் தொடங்கினார்கள். அதைத்தான் யாரும் யோசித்திருக்கவில்லை.

படகை ஓட்டிப்போன மிக்கேலின் மகன் டெல்வின் ஒருநாள் காலையில் கடற்கரை முழுக்க “கரை! கரை! கரை!” என்று கத்திக்கொண்டு ஓடினான். பிள்ளைக்கு அத்தனை சந்தோஷம். நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொட்டுத் திரும்புகிற அந்தச் சுகத்தை ருசித்து ருசித்துச் சொன்னான். அவன் அம்மா திரேசம்மாள், கூடையிலிருந்த மீனை மணலில் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் வாயிலேயே அடித்தாள், அடித்த கையாலேயே அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலம் டெல்வின் கூப்பிட்டபோது அப்பளம் பொரிந்தது. கிளாடிஸ் டீச்சர், தன் அனுபவத்தில், “எல்லா எழுத்தும் வந்த பெறகு கடைசியாத்தான் ‘ர’ வரும், சிலதுக்கு ஆறு வயசுகூட ஆவும், அதுவரைக்கும் பயப்பட வேண்டாம்” என்று தாய்மாருக்கு வழக்கமாகச் சொல்லும் ஆறுதலைச் சொன்னாள். அந்த ஆறுதலைக் கேட்டுத்தான் ஊருக்குக் குலை நடுங்கியது.

பிள்ளைகள் கேட்டுத்தானே பேசுகிறார்கள், காதில் விழாதது எப்படி நாக்கில் ஏறும் என்று சங்கத்தில் கூடிப் பேசி, அன்றிலிருந்து நண்டுத்துறையில் ‘ர’வும், அதற்கு அக்காளான ‘ற’வும் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஏலக்காரர் பவுலின், நெஞ்சு முடி நரைத்த மனுசன், சீலா மீனைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு, “இயுநூயு, இயுநூத்தி அம்பது” என்று கூவியதைக் கேட்டு வெளியூர் வியாபாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். காரணம் தெரிந்த பிறகு அவர்களும் சைக்கிளை ஊர் எல்லையில் நிறுத்தி, நாக்கைச் சரிபண்ணிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். டிவிப் பெட்டிகளை ஊமையாக்கினார்கள். கோயிலில் சாமியார், “பயலோகத்தில் இயுக்கிய எங்கள் பிதாவே” என்று தொடங்க, சனம் முழுக்க முட்டிபோட்டு அதையே திருப்பிச் சொன்னது. கல்யாணமானவர்கள் அந்த மொழியிலேயே சண்டை போட்டார்கள், அந்த மொழியிலேயே சமாதானமானார்கள். சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

ஆனாலும் நாக்கு சும்மா இருக்குமா? எதையும் கேட்காமலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்தது. விளையாட்டில் வந்தது, தும்மலில் வந்தது, தூக்கத்தில் வந்தது. ஒவ்வொரு வீடாய் இரைச்சலுக்குப் போய், கடைசியில் மிஞ்சியவள் ரெஜினா ஒருத்திதான். மற்ற வீட்டு ஆண்களும் அவள் கூப்பிட்டால் மைக்குக்கு வந்தார்கள் என்பதால், எல்லார் வீட்டுச் சேதியும் அவள் வாய்க்கு வந்து சேர்ந்தது. அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துத் தாங்கினார்கள். நல்ல மீன் அவளுக்கு, பெருநாளுக்குப் புதுச்சட்டை அவளுக்கு. ஆனால் ‘ர’ வந்த பிள்ளைகள் அவள் பக்கத்தில் போகக்கூடாது, பள்ளிக்கூட வாசலை அவள் மிதிக்கக்கூடாது. அவள் வயதுப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போவதைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். பால்பல் விழுந்தபோது, பல் போன சந்தில் காற்று ஒழுகுகிறது, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று ஊரே மகிழ்ந்தது. பிரகாசியும் மகிழ்ந்தாள். ஒளிப்பானேன், எல்லாரையும்விட அவள்தான் அதிகம் மகிழ்ந்தாள். புருசனுடைய குரல் என்கிற அந்த ஒரு கவளத்துக்காக அவள் நாள் முழுக்கப் பசித்திருந்தாள்.

ஏழு வயதை நெருங்கியபோது ரெஜினாவின் பேச்சு குறைந்தது. சாயங்காலம் செட்டுக்கு முன்னால் பேசுவதோடு சரி, வீட்டில் தலையசைப்பும் கைச்சாடையும்தான். படுக்கப் போகையில் வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டாள். கேட்டால் பல்வலி என்று கன்னத்தைக் காட்டினாள். பெரிய மனுசியாகிறாள், அதுதான் அடக்கம் என்று பிரகாசி நினைத்துக்கொண்டாள். ஒரு காலையில் பிள்ளை பழைய சோற்றை வாயில் வைத்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிரகாசி அவள் தாடையைப் பிடித்து வலுக்கட்டாயமாக வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கு வெளுத்து, தடித்து, ஓரமெல்லாம் கொப்புளமாக இருந்தது.

“என்னளா இது?”

ரெஜினா பாவாடை மடிப்பிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு.

“யாயு வைக்கச் சொன்னா?”

“யாயும் சொல்லல. சுண்ணாம்பு வச்சா நாக்கு மயத்துப்போவும்னு தியேசம்மா பெயியம்மா பேசிட்டு இயுந்தாங்க.” சொற்களை வலியோடு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “அது வயுதும்மா. நான் கூப்பிடல. தானா நாக்கு மேல போவுது. இன்னும் ஒயு தடவகூட நான் சொல்லல. வந்துட்டா அப்பா செத்துப்போவாங்கல்ல? டெல்வின் அப்பா, எல்லா அப்பாவும்?”

பிரகாசி அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணிமைக்கிற நேரம்தான், அந்த நேரத்துக்குள் அவள் மனசு, சுண்ணாம்பு வேலை செய்கிறதா என்று கணக்குப் பார்த்துவிட்டது. பெற்ற வயிறு இப்படியும் நினைக்குமா என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. டப்பாவைத் தெருவில் வீசினாள், மகளைக் கட்டிக்கொண்டு தலையில் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு தேங்காய்ப்பால் பிழிந்து அந்த நாக்கில் தடவிவிட்டாள். அன்றிலிருந்து காய்ச்சல் என்று சொல்லிப் பிள்ளையை வெளியே காட்டவில்லை. வாசலில் வந்து நின்ற திரேசம்மாள், “எங்க எல்லாத்துக்க தாலியும் அவ நாக்குலதான் தொங்குது பியகாசி, பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்வதற்கும் இல்லை. மகன் வாயில் அடித்த அன்றிலிருந்து அவள் ஒழுங்காகத் தூங்கினதே கிடையாது.

நாக்கு ஆறின அன்று பிரகாசி மகளை முன்னால் உட்காரவைத்தாள். “இனிமே நீ வாய மூட வேண்டாம். வந்தா வயட்டும். உம் பேயச் சொல்லு பாப்போம்.” சொல்லிக்கொடுப்பதற்காகத் தானே முதலில் வாயைத் திறந்தவள், “யெஜினா” என்றாள். தப்பு என்று தெரிந்தது. மறுபடியும் சொன்னாள், அதுவேதான் வந்தது. நாக்கைத் தூக்கினாள், மடித்தாள், விரலை விட்டு அண்ணத்தைத் தொட்டுக் காட்டினாள். இத்தனை வருசமாக ஒதுக்கி வைத்த எழுத்து அவளிடம் திரும்பி வர மறுத்துவிட்டது. ரெஜினா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இப்படியாம்மா?” என்று கேட்டுவிட்டு, மெதுவாக, “ரெஜினா” என்றாள். சொன்னதும் பயந்துபோய்க் கடல் இருக்கிற திசையைப் பார்த்தாள். அலை எப்போதும்போல அடித்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்விடலாம் என்றும் பிரகாசி நினைத்தாள். ஆனால் போகிற இடத்தில் அந்தப் பிள்ளை, அப்பாவைக் கொன்றுவிட்டு வந்தவளாகத்தானே வளர வேண்டும்? தவிர, பெற்ற தகப்பனுக்குப் பிள்ளையின் எந்தக் குரலும் கேட்கத்தானே வேண்டும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. மணி அடித்ததும் மகளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், வரிசையில் நின்ற பெண்களுக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தாள். “உனக்கு வந்தபடி பேசு” என்றாள்.

ரெஜினா பித்தானை அமுக்கினாள். “கருணை மாதா, கருணை மாதா, கரை பேசுது, ஓவர்.”

அப்பளம் பொரிந்தது.

அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். “அப்பா, நான் ரெஜினா, ஓவர்.” பொரிந்துகொண்டே இருந்தது. பெண்கள் அழக்கூடத் தோன்றாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு ஒருத்தி தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டு மார்பில் அடிக்கத் தொடங்க, அது எல்லாருக்கும் பரவியது. திரேசம்மாள் வந்து பிரகாசியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள். “பாவி, நீயே கொண்டாந்து எங்க தாலிய அயுத்திட்டியே.” பிரகாசி தடுக்கவில்லை. முடி திரேசம்மாளின் கையில் இருக்க, அவள் மகளை நாற்காலியிலிருந்து இறக்கி, “நீ வெளிய போ, பிள்ளைகளோட விளையாடு” என்று தள்ளிவிட்டாள். பிள்ளை கதவைத் தாண்டின பிறகு, இனி இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஒருத்தி எதையாவது பிடித்துக்கொள்வதுபோல மைக்கைப் பிடித்தாள். ஒரே ஒரு தடவை தானே கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செத்தாலும் சரி என்றிருந்தது.

“கயுணை மாதா, கயுணை மாதா. கயை பேசுது. ஓவய்.”

இரைச்சல் நின்றது.

“சொல்லு யெஜி. என்ன இவ்வளவு நேரம்? ஓவர்.”

திரேசம்மாளின் கை தளர்ந்தது. பெண்கள் அடித்த அடியை மார்பிலேயே நிறுத்தினார்கள். இத்தனை வருசமாக மகள் வாயில் ஊட்ட முடியாமல் விழுங்கியதையெல்லாம் சொல்லிவிடப் பிரகாசி பித்தானை அமுக்கினாள்.

“என்னங்க. நான் பியகாசிங்க. நான்தான் பேசுதேன். ஓவய்.”

செட்டுக்குள் அவர் சிரித்தார். “அம்மை மாதிரியே குரல மாத்திப் பேசப் பழகிட்டியே கள்ளி. ஓவர்.”

“இல்லங்க, நான் உங்க பெண்டாட்டி. சத்தியமா பியகாசி. ஓவய்.”

“பியகாசியாம்ல.” பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தது கேட்டது. “உங்க அம்மை என் பேர எப்படிச் சொல்லுவா தெரியுமா மக்களே? ரெமீன்னு ரெண்டாம் பேருக்குத் தெரியாம, அவ்வளவு சுத்தமாச் சொல்லுவா. ஓவர்.”

அவள் சொல்லிப் பார்த்தாள். பித்தானை அமுக்காமல், மைக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதலில் சத்தமில்லாமலும் பிறகு சத்தத்தோடும் சொல்லிப் பார்த்தாள். யெமி. யெமி. யெமி. சுற்றி நின்ற பெண்களின் உதடுகளும் அவரவர் புருசன் பெயரைச் சொல்லி அசைந்தன. வெளியே கடற்கரையில் பிள்ளைகளோடு சேர்ந்து ரெஜினா என்னவோ கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் சுத்தமாக, தெளிவாகக் கேட்டது.

“யெஜி? போயிட்டியா? ஓவர்” என்றார் அவர்.

“இங்கதான் இயுக்கேன்.” பிரகாசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இயுக்கேன்ப்பா. ஓவய்.”

“அம்மைய ஒரு தடவ மைக்குல பேசச் சொல்லு மக்களே. எத்தன நாளாச் சொல்லுதேன், ஒரு நாளும் வரமாட்டேங்கா. என்மேல என்ன கோவமோ. அவ குரலக் கேக்கணும்போல இருக்கு, கூட்டிட்டு வா. ஓவர்.”

திரேசம்மாள் அவள் தோளில் கை வைத்தாள். பின்னால் பெண்கள் எழுந்து, முகத்தைத் துடைத்து, வழக்கம்போல வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். பிரகாசி பித்தானை அமுக்கினாள்.

“அம்மா இங்க இல்லப்பா” என்றாள். “ஓவய்.”